இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் மூன்றும் நார்மல் என்றால் இதய நோய் இல்லை என்று அர்த்தமா?

கேள்வி கேட்டவருக்கு 41 வயது. எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்திருக்கிறது. அந்த வயது நெருங்குகிறதே என்ற பயத்தில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறார். இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் மூன்றும் நார்மல். "இதய நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க இது போதுமா, இல்லை சி.டி. ஆஞ்சியோகிராமும் எடுத்துவிடட்டுமா?" என்று கேட்கிறார். (சாயம் செலுத்தி இதயத் தமனிகளை சி.டி. ஸ்கேனில் படம் எடுப்பதுதான் சி.டி. ஆஞ்சியோகிராம்.) போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: எல்.டி.எல். கொழுப்பு 158, ரத்த அழுத்தம் 138/88, இரண்டும் 'பார்டர்லைன்'தான், கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

நான் இதய நோய்ப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் மருத்துவன். உங்களை நேரில் பார்க்காமல் உங்களுக்கு நோய் உண்டு, இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. இந்த மருந்தைச் சாப்பிடுங்கள் என்று இங்கே எழுதுவதும் சரியில்லை. எந்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைச் சொல்லலாம். நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இப்போது என் இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் பெரிய அடைப்பு இருக்கிறதா என்பது ஒன்று. அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா என்பது இன்னொன்று. செய்துகொண்ட மூன்று பரிசோதனைகளும் முதல் கேள்விக்கு, அதுவும் அரைகுறையாக, பதில் சொல்பவை. உங்கள் பயமோ இரண்டாவது கேள்வியைப் பற்றியது. அதற்கான பதில் பெரும்பாலும் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த இரண்டு எண்களில்தான் இருக்கிறது.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரிய, நோய் எப்படி வளர்கிறது என்று பார்க்க வேண்டும். 1953-ல் கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களைப் பரிசோதித்து ஒரு அறிக்கை வெளியானது. அவர்களின் சராசரி வயது 22. நோயாளிகள் இல்லை, போருக்குப் போகுமளவு உடல் திடமாக இருந்தவர்கள். அவர்களில் 77 சதவீதம் பேருக்கு இதயத் தமனிகளில் கொழுப்புப் படிவின் அடையாளம் ஏதாவது ஓர் அளவில் இருந்தது. மாரடைப்பு ஒரே நாளில் வருவதுபோலத் தெரிந்தாலும் அதன் பின்னால் இருபது, முப்பது ஆண்டு வரலாறு இருக்கிறது என்பதை அந்த அறிக்கை மருத்துவ உலகத்துக்குக் கண்ணெதிரே காட்டியது.

இன்னொரு விஷயம் 1987-ல் தெளிவானது. தமனியின் சுவரில் கொழுப்பு படியத் தொடங்கும்போது, குழாய் உடனே உள்பக்கம் குறுகிவிடுவதில்லை. ரத்தம் போகும் வழியை விட்டுக்கொடுக்காமல் தமனி முதலில் வெளிப்பக்கமாக விரிந்துகொடுக்கிறது. படிவு ஏறக்குறைய 40 சதவீத இடத்தைப் பிடித்த பிறகே உள்வழி குறுகத் தொடங்குகிறது. அதுவரை ரத்த ஓட்டம் தடையில்லாமல் போகும். ஓடினாலும் மாடி ஏறினாலும் நெஞ்சில் ஒன்றும் தெரியாது. நோய் மட்டும் உள்ளே இருக்கும்.

மாரடைப்புக்கு எப்போதும் பெரிய அடைப்பே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வழியைப் பாதிகூட மறைக்காத படிவு ஒன்றின் மேல்தோல் திடீரென்று கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாய் முழுவதும் அடைத்துக்கொள்ளலாம். வீட்டுத் தண்ணீர்க் குழாயில் பாசி படிந்து கொஞ்சம் கொஞ்சமாக அடைப்பதுபோல் என்று நாங்களே நோயாளிகளுக்குச் சொல்லிப் பழக்கிவிட்டோம். கேட்கச் சுலபமாக இருக்கிறது, ஆனால் இந்தக் கிழிசலை அந்த உவமை மறைத்துவிடுகிறது. படிவு எவ்வளவு பெரிது என்பதைவிட, அது எவ்வளவு கொழகொழப்பாக, எவ்வளவு மெல்லிய மூடியோடு இருக்கிறது என்பது பல சமயம் முக்கியமாகிவிடுகிறது.

சரி, இப்போது உங்கள் மூன்று பரிசோதனைகளுக்கு வருவோம். படுத்த நிலையில் எடுக்கும் இ.சி.ஜி. அந்தச் சில நொடிகளில் இதயத்தின் மின்னோட்டம் எப்படி இருக்கிறது என்று காட்டும். பழைய மாரடைப்பின் தழும்பு, துடிப்புக் கோளாறு, ரத்த அழுத்தத்தால் தடித்த இதயம் ஆகியவை அதில் தெரிய வாய்ப்புண்டு. மூன்று தமனிகளிலும் கணிசமான அடைப்பு உள்ள ஒருவருக்கு, நெஞ்சு வலி இல்லாத நேரத்தில் எடுத்த இ.சி.ஜி. முற்றிலும் நார்மலாக இருக்கலாம். எக்கோ இதயத் தசை எப்படிச் சுருங்கி விரிகிறது, வால்வுகள் எப்படி இருக்கின்றன என்று காட்டும். தமனிக்குள் இருக்கும் படிவு அதில் தெரியாது. தசை இன்னும் கெட்டுப்போகவில்லை என்பதே நார்மல் எக்கோவின் பொருள்.

டிரெட்மில்தான் கொஞ்சம் விளக்க வேண்டியது, ஏனென்றால் மக்கள் அதை ரொம்ப நம்புகிறார்கள். ஓடும்போது இதயத்துக்கு அதிக ரத்தம் தேவைப்படுகிறது. குழாய் நன்றாகக் குறுகியிருந்தால் அந்தத் தேவை ஈடாகாமல் இ.சி.ஜி.யில் மாற்றம் வரும். ஆகவே அது பிடிப்பது ஓட்டத்தைத் தடுக்குமளவு வளர்ந்த அடைப்பை. அதையும் முழுதாகப் பிடிப்பதில்லை. உண்மையில் அடைப்பு உள்ள 100 பேரில் ஏறக்குறைய 70 பேரைக் கண்டுபிடிக்கும், அடைப்பு இல்லாத 100 பேரில் ஏறக்குறைய 80 பேரைச் சரியாக 'இல்லை' என்று சொல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப்போல் தொந்தரவே இல்லாத 1,000 பேரை ஓடவைக்கிறோம். அவர்களில் 30 பேருக்குப் பெரிய அடைப்பு இருப்பதாகக் கணக்குக்கு வைப்போம். அந்த 30-ல் 21 பேர் பிடிபடுவார்கள், 9 பேர் 'நார்மல்' என்ற அறிக்கையோடு வீட்டுக்குப் போவார்கள். மீதி 970 பேரில் 194 பேருக்கு நோய் இல்லாமலே 'பாசிட்டிவ்' என்று வரும். மொத்தம் 215 பாசிட்டிவ், அதில் உண்மையான நோயாளிகள் 21 பேர்தான். ஏறக்குறைய பத்தில் ஒருவர். மீதிப் பேர் தூக்கமில்லாமல் தவித்து, அடுத்த பரிசோதனைக்குப் போய், சிலர் தேவையே இல்லாமல் ஆஞ்சியோ மேஜை வரை போய்த் திரும்புவார்கள். இதே டிரெட்மில்லை, நடந்தால் நெஞ்சு இறுகுகிறது என்று சொல்லும் 60 வயதுக்காரருக்குச் செய்தால் கணக்கு தலைகீழாக மாறிவிடும். அங்கே பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் நோய் இருக்கும். கருவி ஒன்றுதான், அதை யாருக்குச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவின் மதிப்பு மாறுகிறது. தொந்தரவில்லாத, ஆபத்துக் குறைவான பெரியவர்களுக்கு இதய நோயைத் தேடி இ.சி.ஜி. எடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவ நிபுணர் குழு 2018-ல் வெளிப்படையாகவே சொன்னதற்குக் காரணம் இதுதான்.

எங்கள் பிரிவில் அடிக்கடி நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். ஐம்பதைத் தொடாத ஒருவர் மாரடைப்போடு வந்து சேர்வார். கூட வந்த மனைவி பையிலிருந்து ஃபைலை எடுத்து நீட்டுவார். "மூணு மாசம் முன்னாடிதான் சார் டிரெட்மில் பார்த்தோம், நெகட்டிவ்னு சொன்னாங்களே." அவர் சொல்வது பொய்யில்லை, பரிசோதனை செய்தவர் தவறு செய்யவும் இல்லை. அதே ஃபைலில் இரண்டு பக்கம் தள்ளினால் ரத்தப் பரிசோதனை முடிவு இருக்கும். எல்.டி.எல். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. சுகர் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொன்று. அந்தப் பக்கத்தைப் பற்றி யாரும் அவரோடு பேசியிருக்க மாட்டார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் தடுக்க முடிந்த இடம் அந்தப் பக்கம்தான்.

ஆகவே, இதய நோயின் ஆரம்ப அடையாளம் எது என்று கேட்டால், ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை, புகை, குடும்ப வரலாறு என்றுதான் சொல்வேன். அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் 1948-ல் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய ஆய்வு நமக்குக் கற்றுத்தந்தது இதைத்தான். பிறகு 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வும், முதல் மாரடைப்பின் ஆபத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தை ஒன்பது காரணிகளை வைத்தே விளக்கிவிடலாம் என்று காட்டியது. ஒன்பதும் அளக்கக்கூடியவை அல்லது கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவை. எதற்கும் பெரிய இயந்திரம் தேவையில்லை.

உங்கள் 138/88-ஐ எடுத்துக்கொள்வோம். முதலில் அது எப்படி அளக்கப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். முழு உடல் பரிசோதனை நாளில் ஓர் அறையிலிருந்து இன்னொரு அறைக்கு வேகமாக நடந்து வந்து, முதுகுக்குச் சாய்வில்லாத ஸ்டூலில் உட்கார்ந்து, கையைத் தொங்கவிட்டபடி, நர்ஸ் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே பட்டையைக் கட்டிக்கொண்டீர்களா? சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தீர்களா? இவை ஒவ்வொன்றும் பி.பி.யைக் கூட்டிக் காட்டும். கை பருமனுக்குச் சிறியதாக இருக்கும் பட்டையும் கூட்டிக் காட்டும். எனவே ஒரே ஒரு அளவை நம்பி பி.பி. இருக்கிறது என்றும் முடிவு செய்யக்கூடாது, பார்டர்லைன் என்று தள்ளிவிடவும் கூடாது. வீட்டில் மேல்கையில் கட்டும் கருவி ஒன்றை வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிய, கை நெஞ்சு மட்டத்தில் ஒரு மேஜைமேல் இருக்க, காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை என்று ஒரு வாரம் அளந்து எழுதுங்கள். அதற்கு அரைமணி நேரம் முன்பு காபி, சிகரெட் வேண்டாம். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். வீட்டுச் சராசரி 135/85-ஐத் தொட்டால் அது உயர் ரத்த அழுத்தம்தான். மருத்துவமனையில் நார்மலாகவும் வீட்டில் அதிகமாகவும் இருப்பவர்களும் உண்டு. அவர்களை மருத்துவமனை அளவு கடைசிவரை காட்டிக்கொடுக்காது.

இந்த எல்லைக்கோடு எங்கே என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே வேறுபாடு இருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2017-ன் அமெரிக்க வழிகாட்டுதல்படி 130/80-லிருந்தே உயர் ரத்த அழுத்தம். ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் மருத்துவமனை அளவில் 140/90-ஐ எல்லையாக வைத்துக்கொண்டு, உங்களுடையதைப் போன்ற அளவை அதற்கு முந்தைய படியில் வைக்கின்றன. பெயரில்தான் தகராறு. மேல் எண் 115-ஐத் தாண்டி ஏற ஏற ஆபத்தும் கூடவே ஏறுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

எல்.டி.எல். விஷயத்தில் இன்னும் உறுதியாகப் பேசலாம். இந்த நோயோடு தொடர்புள்ள ஒன்று என்பதைத் தாண்டி, நோய்க்கே காரணம் என்று நிரூபிக்கப்பட்ட பொருள் அது. பிறவியிலேயே எல்.டி.எல். மிக அதிகமாக உள்ள குடும்பங்கள், பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள், மருந்தால் குறைத்த ஆய்வுகள் எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. எல்.டி.எல். சுமார் 39 மில்லிகிராம் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. இதில் காலமும் சேர்ந்துகொள்கிறது: 158 என்பது இன்றைக்கு ஒரு எண், அதே 158 இருபது ஆண்டு ரத்தத்தில் ஓடினால் அது வேறு கதை. 2018-ன் அமெரிக்க வழிகாட்டுதலில் 160-க்கு மேல் நீடிக்கும் எல்.டி.எல்., 55 வயதுக்குள் அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ, 65 வயதுக்குள் அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ வந்த இதய நோய், தெற்காசிய வம்சாவளி ஆகிய மூன்றும் ஆபத்தைக் கூட்டும் அம்சங்களாகவே பட்டியலிடப்பட்டிருக்கின்றன. உங்கள் 158, 160-க்கு இரண்டு குறைவு என்பதற்காக உங்கள் தமனிக்குத் தனிச் சலுகை கிடைக்கப்போவதில்லை. எல்.டி.எல். 190-க்கு மேல் இருந்தால் அது பரம்பரைக் கொழுப்பு நோயாக இருக்க வாய்ப்புண்டு. ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு அது இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்குத் தெரியாமலே.

நீங்கள் செய்துகொள்ளாத, ஆனால் செய்துகொள்ள வேண்டிய ஒரு ரத்தப் பரிசோதனை லைப்போபுரோட்டீன் ஏ. எல்.டி.எல். போலவே இன்னொரு கொழுப்புத் துகள். ஆனால் அளவைப் பெரும்பாலும் பரம்பரையே முடிவு செய்கிறது. சாப்பாட்டை மாற்றினாலும் நடந்தாலும் அது பெரிதாக மாறாது, அதனால் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒரே ஒருமுறை பார்த்தால் போதும். ஐந்தில் ஒருவருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அதைக் குறிவைத்துக் குறைக்கும் மருந்துகள் இன்னும் ஆய்வில் இருக்கின்றன. பிறகு பார்த்து என்ன பயன் என்று கேட்பீர்கள். அது அதிகமாக இருந்தால் மற்றவற்றில், அதாவது எல்.டி.எல்., பி.பி., புகை ஆகியவற்றில், நாம் இன்னும் கண்டிப்பாக இருப்போம். சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்த குடும்பங்களில் "எல்லாம் நார்மலாத்தானே இருந்துச்சு" என்ற புதிருக்கு இது சில சமயம் விடையாகவும் இருக்கும். அப்பாவும் இப்போது இருந்தால் அவருக்கும் பாருங்கள்.

சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பாருங்கள், 5.7-லிருந்து 6.4 வரை முன்நிலை, 6.5-லிருந்து சர்க்கரை நோய். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்பதையும் கிரியாட்டினினையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது, சிறுநீரகம் கெடத் தொடங்கினால் இதயத்தின் ஆபத்தும் ஏறும். இவை தவிர மருத்துவர்களே கேட்க மறக்கும் சில கேள்விகள் உண்டு. பெண்களிடம், கர்ப்ப காலத்தில் பி.பி. ஏறி வலிப்பு வரும் நிலைக்குப் போனதா, கர்ப்ப காலச் சர்க்கரை இருந்ததா, 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிட்டதா என்று கேட்க வேண்டும். மூன்றுமே பின்னாளில் இதய நோயின் ஆபத்தைக் கூட்டுகின்றன. ஆண்களிடம் விறைப்புக் குறைவு பற்றிக் கேட்க வேண்டும். அந்தத் தமனிகள் இதயத் தமனிகளைவிடச் சிறியவை, அதனால் அங்கே கோளாறு சில ஆண்டுகள் முன்பே தலைகாட்டலாம். வெட்கத்தில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. முடக்குவாதம், லூபஸ், சோரியாசிஸ் போன்ற நீண்ட கால அழற்சி நோய்களும் இதே வரிசையில் வரும்.

இந்த எண்களையெல்லாம் போட்டால் அடுத்த பத்தாண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று சொல்லும் கணக்கீட்டு முறைகள் இருக்கின்றன. பயனுள்ளவைதான். ஆனால் அவற்றில் வயதுக்குத்தான் அதிக எடை. 41 வயதில் எண்கள் மோசமாக இருந்தாலும் பத்தாண்டு ஆபத்து குறைவாகவே வரும், அதைப் பார்த்து நிம்மதியாகிவிடுவார்கள். உங்கள் வயதில் முப்பதாண்டு ஆபத்தையும் பார்க்க வேண்டும். 2023-ல் வந்த பிரிவென்ட் கணக்கீடு அதையும் தருகிறது. இன்னொன்று, குடும்ப வரலாறு பல கணக்கீடுகளில் சேர்க்கப்படவே இல்லை. அதைத் தனியாகக் கூட்டிப் பார்ப்பது மருத்துவரின் வேலை.

மருந்து தொடங்கலாமா வேண்டாமா என்று தராசு நடுவில் நிற்கும்போது உதவும் பரிசோதனை ஒன்று உண்டு: கால்சியம் ஸ்கோர். ஊசி இல்லை, சாயம் இல்லை, சில நிமிட சி.டி. ஸ்கேன், கதிர்வீச்சும் குறைவு, சுமார் 1 மில்லிசீவர்ட். தமனிச் சுவரில் படிந்த சுண்ணாம்பை எண்ணிச் சொல்லும். படிவு நாளாகி முதிரும்போதுதான் சுண்ணாம்பு ஏறுகிறது, ஆகவே இது நோய் எத்தனை காலமாக உள்ளே இருக்கிறது என்பதற்கான தடயம். பூஜ்ஜியம் வந்தால் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் ஆபத்து குறைவு. 100-க்கு மேல் வந்தால் பேச்சே இல்லை, கொழுப்பு மருந்து தொடங்க வேண்டியதுதான். 400-க்கு மேல் மிக அதிகம்.

ஆனால் 41 வயதுக்காரருக்கு இதைப் பொருள்கொள்ளும் விதம் வேறு. இந்த வயதில் பெரும்பாலானவர்களுக்குப் பூஜ்ஜியம்தான் வரும், ஏனென்றால் சுண்ணாம்பு ஏற இன்னும் காலம் ஆகவில்லை. மென்மையான புதுப் படிவு இதில் தெரியாது. ஆகவே உங்களுக்குப் பூஜ்ஜியம் வந்தால் அதை நிரந்தர விடுதலைப் பத்திரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், குறிப்பாகப் புகைபிடிப்பவரானால். மாறாக, சின்ன எண் வந்தாலும், 8 என்றோ 15 என்றோ வந்தால்கூட, இந்த வயதுக்கு அது பெரிய செய்தி. ஸ்டாட்டின் என்ற கொழுப்பு மருந்து தொடங்கிய பிறகு வருடா வருடம் இதை எடுத்துப் பார்க்க வேண்டாம். மென்மையான படிவு இறுகிக் கெட்டியாவதால் ஸ்கோர் கூடலாம். நோய் முற்றிவிட்டது என்று தவறாக நினைத்து மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு.

சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்கலாமா என்பதுதான் உங்கள் நேர்க் கேள்வி. இங்கே நிச்சயம் முடிந்து சந்தேகம் தொடங்குகிறது. நெஞ்சு வலியோடு வருபவர்களுக்கு அது அருமையான பரிசோதனை. ஸ்காட்லாந்தில் 4,146 பேரிடம் நடந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2018-ல் வந்தது: வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 3.9 சதவீதம் பேருக்கு மாரடைப்போ இதய நோய் மரணமோ நேர்ந்தது, சி.டி. எடுத்தவர்களில் 2.3 சதவீதம். படத்தில் படிவைப் பார்த்த மருத்துவர்கள் சரியான ஆட்களுக்குச் சரியான மருந்தைக் கொடுத்ததுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. ஆனால் அவர்களெல்லாம் தொந்தரவு உள்ளவர்கள். தொந்தரவில்லாதவர்களுக்கு எடுத்தால் என்ன கிடைக்கும்? ஸ்வீடனில் 50 முதல் 64 வயதுக்குட்பட்ட, இதய நோய் தெரியாத 25,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு எடுத்துப் பார்த்தார்கள். 42 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு படிவு இருந்தது. பாதிக்கு மேல் குறுகலாக இருந்தவர்கள் 5 சதவீதம். நிறையக் கண்டுபிடிக்க முடிகிறது என்பது உறுதி. அப்படிக் கண்டுபிடித்ததால் உயிர் காப்பாற்றப்படுகிறதா என்பது இன்னும் உறுதியாகவில்லை. சர்க்கரை நோயாளிகள் 900 பேரிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில் சி.டி. ஆஞ்சியோ எடுத்ததால் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. டென்மார்க்கில் 65 முதல் 74 வயது ஆண்கள் 46,000-க்கும் மேற்பட்டவர்களிடம், கால்சியம் ஸ்கோர் உட்படப் பல பரிசோதனைகளைச் சேர்த்துச் செய்த ஆய்வில் ஐந்தாண்டுக்கு மேல் பார்த்தும், பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் மரணங்கள் 12.6 சதவீதம், அழைக்கப்படாதவர்களில் 13.1. வித்தியாசம் உண்டு, ஆனால் தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்குத் தெளிவாக இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. படத்தில் ஓர் அடைப்பு தெரிந்துவிட்டால் அதை ஸ்டென்ட் வைத்துத் திறந்துவிட வேண்டும் என்ற ஆசை நோயாளிக்கும் வரும், மருத்துவருக்கும் வரும். நிலையாக இருக்கும் இதய நோயில் அப்படித் திறப்பது ஆயுளைக் கூட்டுகிறதா என்று 5,179 பேரிடம் பார்த்த இஸ்கீமியா ஆய்வின் முடிவு 2020-ல் வெளியானது. நல்ல மருந்து சிகிச்சையோடு ஒப்பிட்டால் மரணத்திலோ மொத்த மாரடைப்பிலோ குறைவு இல்லை. நெஞ்சு வலி உள்ளவர்களுக்கு வலி குறைந்தது. இடது முதன்மைத் தமனியில் அடைப்பு போன்ற சில நிலைகள் இதற்கு விதிவிலக்கு, மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஸ்டென்ட் உயிர் காக்கும் என்பதிலும் மாற்றுக்கருத்து இல்லை. தொந்தரவே இல்லாதவர் படத்தைப் பார்த்துப் பயந்து ஸ்டென்ட் வரை போவதைத்தான் சொல்கிறேன். ஆகவே உங்கள் நிலையில் சி.டி. ஆஞ்சியோவை முதல் படியாக நான் சொல்ல மாட்டேன். லைப்போபுரோட்டீன் ஏ மிக அதிகமாக இருந்தாலோ, கால்சியம் ஸ்கோர் இந்த வயதுக்கு ஒவ்வாமல் வந்தாலோ உங்கள் மருத்துவர் வேறு முடிவு எடுக்கலாம்.

பரிசோதனைப் பட்டியல்களில் இன்னும் பல இருக்கும். ரத்தத்தில் இருக்கும் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைக் குறைத்துப் பார்த்ததில் மாரடைப்பு குறையவில்லை. அதற்குச் செலவழிக்க வேண்டாம். உடலில் உள்ள அழற்சியைக் காட்டும் உயர் உணர்திறன் சி.ஆர்.பி. இரண்டுக்கு மேல் நீடித்தால் தராசில் கொஞ்சம் எடை கூடும், அவ்வளவுதான். கைக்கடிகாரத்தில் வரும் இ.சி.ஜி. ஒழுங்கற்ற துடிப்பைக் கண்டுபிடிக்க உதவும், மாரடைப்பையோ அடைப்பையோ கண்டுபிடிக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் தொந்தரவு இல்லாதவர்களுக்கு. தொந்தரவு வந்த நிமிடமே இது முன்கூட்டிய பரிசோதனை என்ற கணக்கிலிருந்து வெளியே போய்விடுகிறது. நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம்: "வேகமா நடந்தா நெஞ்சு ஒரு மாதிரி இறுக்குது டாக்டர், நின்னா சரியாயிடுது, கேஸ்தான்னு நினைக்கிறேன்." நடந்தால் வந்து நின்றால் போவது கேஸ் இல்லை. அது நெஞ்சின் நடுவில் பாரமாகவோ, தாடையிலோ, இடது கையிலோ, வெறும் மூச்சு வாங்கலாகவோ வரலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வழக்கத்தை மீறிய களைப்பு, குமட்டல், வியர்வை என்று வரலாம். நேற்று ஏறிய மாடியை இன்று ஏற முடியவில்லை என்றால், போன மாத டிரெட்மில் அறிக்கை நார்மல் என்பதை நினைத்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். ஓய்வில் இருக்கும்போதே வலி பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.

உங்கள் இடத்தில் என் தம்பி இருந்தால் அவனிடம் இப்படிச் சொல்வேன். இந்த வாரமே பி.பி. எழுதத் தொடங்கு. லிப்பிட் புரொஃபைலை இன்னொரு முறை பார், கூடவே லைப்போபுரோட்டீன் ஏ, ஹெச்.பி.ஏ.1.சி., சிறுநீர்ப் புரதம். புகை இருந்தால் இன்றோடு நிறுத்து. பட்டியலில் உள்ள எதையும்விட அது சீக்கிரம் பலன் தரும். மூன்று மாதம் சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்திய பிறகும் எல்.டி.எல். 150-க்குப் பக்கத்திலேயே நின்றால், ஸ்டாட்டின் தொடங்கலாமா என்று மருத்துவரோடு உட்கார்ந்து பேசு. தயக்கமாக இருந்தால் கால்சியம் ஸ்கோர் எடுத்துப் பார்த்து முடிவு செய்யலாம். 41 வயதில் ஸ்டாட்டின் தொடங்குவதில் எல்லா மருத்துவர்களும் ஒரே கருத்தில் இருக்க மாட்டார்கள். அப்பாவுக்கு 52-ல் மாரடைப்பு, எல்.டி.எல். 158, பி.பி. எல்லையில் என்ற மூன்றும் சேர்ந்திருக்கும்போது நான் தொடங்கும் பக்கம்தான் சாய்வேன். அப்பாவுக்குக் கொடுத்த ஆஸ்பிரினை முன்னெச்சரிக்கையாக நீங்களும் சாப்பிட ஆரம்பிக்காதீர்கள். 2018-ல் அடுத்தடுத்து வந்த மூன்று பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஏற்கெனவே இதய நோய் இல்லாதவர்களுக்கு அதனால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. ரத்தக்கசிவு ஆபத்தோ கூடுகிறது.

கடைசியாக ஒன்று. நீங்கள் உங்களைப் பற்றி மட்டுமே கேட்டிருக்கிறீர்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் அதே அப்பாதான். அக்காவோ தங்கையோ இருந்தால் "பொம்பளைங்களுக்கு வராது" என்று விட்டுவிடாமல் அவர்களுக்கும் பி.பி., கொழுப்பு, சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது உங்கள் எல்.டி.எல். 190-ஐத் தாண்டினாலோ லைப்போபுரோட்டீன் ஏ அதிகமாக வந்தாலோ, உங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும். புது எண்கள் வந்ததும் இங்கேயே எழுதுங்கள், அவற்றை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன்.